ஞாயிற்றுக்கிழமை பாதியில் நிறுத்தியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அதனால் முழுக்கச் சொல்லவில்லை. ஆசையாக ‘ஹிட்டோரி நோ ஷிட்டா’ என்ற அனிமேஷன் தொடரை உங்களுக்குப் போட்டேன். கல்லறைத் தோட்டத்தில் பிணங்கள் எழுந்ததும், “அட, சைனா ஜாம்பியா?” என்று ஒரு சிரிப்பு, “காப்பி” என்று ஒரு பேச்சு. அடுத்த நிமிடம் ரிமோட் கை மாறி, கிரிக்கெட் ஓட ஆரம்பித்தது. அப்போது நான் ஒன்றும் பேசவில்லை. மூன்று நாளாக உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது.

இதுவரை நான் பார்த்தது நான்கு எபிசோடுதான். முதல் சீசன் மொத்தம் 12. முழுத் தீர்ப்பு சொல்லும் நிலையில் நான் இல்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இது ஜாம்பிக் கதை இல்லை. ஜாம்பி வருகிற கதை. இரண்டும் வேறு.

நாம் பார்த்துப் பழகிய ஜாம்பிக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. ஒரு கிருமி, ஒரு கடி, கூட்டமாக ஓடி வரும், சுட்டுத் தள்ளுவார்கள். விழுந்து கிடப்பது யாருடைய அப்பா என்று யாரும் கேட்பதில்லை. இங்கே கதை தொடங்குவதே, தாத்தாவின் கல்லறையைத் தோண்டி உடலைத் தூக்கிப் போய்விட்டார்கள் என்று ஒரு பேரனுக்குத் தெரிய வரும் இடத்தில். அந்தப் பேரன் ஜாங் சூலான் சாதாரணக் கல்லூரிப் பையன். தாத்தா சொல்லிக்கொடுத்த வித்தையை, தாத்தா சொன்னபடியே யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்து வளர்ந்தவன். அவன் ஊருக்குப் போனால் அங்கே ஃபெங் பாவ்பாவ் என்ற பெண், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், அவனை உயிரோடு குழியில் போட்டு மூடுகிறாள். அதே கல்லறைத் தோட்டத்தில் பிணங்கள் எழுந்தபோதுதான் நீங்கள் சிரித்தீர்கள்.

அந்தப் பிணங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? சீனாவில் ஹூனான் மாகாணத்தின் மேற்குப் பகுதியில் உள்ள சியாங்ஷி என்ற மலைப்பகுதி. வெளியூரில் இறந்தவரைச் சொந்த மண்ணில் புதைக்காவிட்டால் ஆவிக்கு அமைதி இல்லை என்பது அங்கே நம்பிக்கை. அதனால் மந்திரம் தெரிந்த ஒருவர் மணியடித்து முன்னே நடப்பார். நெற்றியில் மஞ்சள் மந்திரத் தாள் ஒட்டிய பிணங்கள் அவர் பின்னால் இரவோடு இரவாக வரிசையில் வரும் என்று கதை. நீள மூங்கில்களில் பிணங்களைக் கட்டி முன்னும் பின்னும் ஆட்கள் தூக்கி வந்தார்கள், மூங்கில் வளைந்து துள்ளியது இருட்டில் பிணம் குதிப்பதுபோல் தெரிந்தது என்றும் ஒரு விளக்கம் உண்டு. தொடரில் பிணங்களை ஏவும் லியு யான்யான் அந்தப் பரம்பரையில் வந்தவள். இறந்தவரை வீட்டில் சேர்க்க இருந்த வித்தை, இங்கே இறந்தவரை வைத்து ஆளை அடிக்கும் வித்தையாகிவிட்டது. என்னை உலுக்கியது அதுதான்.

என் தாத்தா பெங்களூரில் சித்தப்பா வீட்டில் இறந்தார். கோவில்பட்டிக்குக் கொண்டுவர ஒரு ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸில் வந்தோம். ஐஸ் பெட்டி மேல் ஒரு ஈரத் துண்டு. சித்தப்பா அந்தத் துண்டின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஊர் வரும்போதும் குனிந்து சொன்னார்: “ஐயா, சேலம் தாண்டிட்டோம்.” “ஐயா, கரூர் வந்தாச்சு.” சாத்தூரில் அவருக்குக் குரல் வரவில்லை. நான் சொன்னேன். அந்த மணியடிக்கிற மனிதரைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சித்தப்பா முகம்தான் வந்தது. இதை உங்களிடம் சொல்லத்தான் அன்றைக்கு அதைப் போட்டேன்.

“அனிமேஷன் மட்டம்” என்பீர்கள். சில சண்டைகள் விறைப்பாக இருக்கின்றன, சரி. “காமெடி கொச்சையாக இருக்கிறது” என்பதும் ஓரளவு உண்மை. ஜப்பானியக் குரலில் சூலானை ‘சோரான்’ என்று கூப்பிடுவது எனக்கும் உறுத்துகிறது. சீனக் குரலிலும் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

ஆனால் “காப்பி” என்றீர்களே, அதை மட்டும் விடமாட்டேன். எதைப் பார்த்துக் காப்பி? மீ அர் என்பவர் 2015 முதல் வரைந்துவரும் சீனச் சித்திரக்கதை இது. 2016 ஜூலையில் அனிமேஷன் தொடராக வந்தது. சூலான் உடம்பில் கவசமாக எழும் பொன்னொளி யாரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கண்டுபிடித்த மாயம் இல்லை. அதே பெயரில் ஒரு மந்திரத்தை, சீனாவின் பழைய மதமான தாவோவின் கோயில்களில் இன்றைக்கும் ஓதுகிறார்கள். ஜியாங்ஷி மாகாணத்தின் லோங்ஹூ மலையில் தலைமுறை தலைமுறையாக இருந்த தாவோ குருமார்களின் குடும்பப் பெயரும் ஜாங்தான். சூலானின் பெயரும் ஜாங். அது எங்கே போய் முட்டும் என்று நான் காத்திருக்கிறேன். நம் ஊர்ச் சித்தர் கதையை எவனாவது இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் காப்பி என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா? அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால் ரிமோட்டைத் தொட்டிருப்பீர்களா?

“ஒரு கார்ட்டூனுக்கு இவ்வளவு கோபமா?” என்று கேட்பீர்கள் என்று தெரியும். ஆமாம், இவ்வளவு கோபம்தான். நீங்கள் காட்டிய படங்களை நான் எத்தனை ராத்திரி, தூக்கம் வந்தும், கடைசிப் பெயர் ஓடும் வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்காக ஒரு இருபது நிமிடம் உங்களால் உட்கார முடியவில்லை.

ஐந்தாவது எபிசோடை இன்று இரவு ஹெட்போன் மாட்டித் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். மாடிக்கு இனி எதையும் கொண்டுவரமாட்டேன்.