கிரவுண்டைச் சேர்க்காமல் விடாதீர்கள்

"மோட்டாருக்குத் தனி பேட்டரி என்றால் இரண்டு கிரவுண்டையும் சேர்க்காதே, அர்டுயினோ கருகிவிடும்" என்பது தவறு. (அர்டுயினோ என்பது நாம் எழுதும் கோடை ஓட்டும் சிறு கட்டுப்பாட்டு போர்டு; கிரவுண்ட் என்பது மின்சுற்றின் மைனஸ் பக்கம்.) சேர்த்தே ஆக வேண்டும். அர்டுயினோ அனுப்பும் 5 வோல்ட், அதன் கிரவுண்டிலிருந்து அளக்கும் 5 வோல்ட். அந்தக் கிரவுண்ட், மோட்டாரை ஓட்டும் எல்298என் போர்டுக்கு வராவிட்டால், ஐஎன்1 என்ற அதன் சிக்னல் பின்னில் வருவது ஹையா (5 வோல்ட்) லோவா (0 வோல்ட்) என்று அதற்குத் தெரியாது. சக்கரம் ஒருநேரம் சுற்றும், ஒருநேரம் துடித்து நிற்கும். நாம் கோடில் பிழை தேடிக்கொண்டிருப்போம். தயவுசெய்து புதியவர்களை அந்த அலைச்சலில் விடாதீர்கள்.

கருகுவதற்குக் காரணம் வேறு: பேட்டரியின் பிளஸ் வயரை அர்டுயினோவின் 5 வோல்ட் பின்னில் மாற்றிச் செருகுவது. பிளஸ் தனித்தனியாக இருக்கட்டும், மைனஸ் மட்டும் சேரட்டும்.

அதன்பிறகும் மோட்டார் மெதுவாகச் சுற்றினால், காரணம் இதுதான்: எல்298என் போர்டில் உள்ள சிப்பே சுமார் 2 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. 6 வோல்ட் பேட்டரியில் மோட்டாருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 4 தான்.