அலுமாரிக்குப் பின்னால் போட்ட வாக்கு

போன கிழமை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அக்கா ஒரு படம் போட்டிருந்தா. சூரிச்சில் அவவின் சமையலறை மேசை, ஒரு கோப்பை தேத்தண்ணி, பக்கத்தில் வாக்குச்சீட்டு உறை. கீழே ஒரு வரி: "நான் வாக்குப் போட்டாச்சு. செருப்புக்கூடக் கொளுவேல்லை. நீங்கள் இன்னும் பள்ளிக்கூட முத்தத்தில வெயிலுக்க நில்லுங்கோ."

திருகோணமலை உவர்மலையில் இருக்கிற மாமா விடுவாரா? "இஞ்சயும் இதைக் கொண்டு வரவேணும், உலகம் எங்கயோ போட்டுது" என்று தொடங்கினார். சின்னம்மா "ஐயோ வேண்டாம்" என்றா. அரை மணித்தியாலத்தில் அறுபது செய்தி. கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீதானே காலம் முழுக்கத் தேர்தல் வேலை பாத்தனி, சொல்லடா தம்பி."

குழுவில் எழுதினால் குட்மோர்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

31 வருடம் அரச சேவை. இடையில் வந்த தேர்தல் எல்லாவற்றிலும் கடமை. வேலைக்குப் போன பிறகு நான் போட்ட ஒவ்வொரு வாக்கும் தபால் மூல வாக்குத்தான். பென்சன் எடுத்த பிறகு, 2024 செப்டெம்பர் 21 அன்றுதான் அலஸ்தோட்டத்துக்காரனாக, வாக்காளர் அட்டையோடு ஒரு வரிசையில் போய் நின்றேன். ஆக இரண்டு பக்கமும் கண்டவன் என்ற சின்ன உரிமை எனக்கு இருக்கிறது.

முதலில் மாமாவுக்கு ஒரு விளக்கம். இங்கே இலங்கையில் தபால் வாக்கு என்பது பெயரளவில்தான் தபால். அக்கா மாதிரி வீட்டில் இருந்து நிரப்பி மஞ்சள் தபால் பெட்டிக்குள் போடுகிற விசயம் இல்லை. தேர்தல் கடமைக்குப் போகிறவர்கள், பொலிஸ், படையினர், ரயில், பஸ், தபால் ஊழியர் என்று அன்றைக்குத் தன் சாவடிக்குப் போக முடியாத அரச ஊழியர்களுக்குத்தான் அது. நாங்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சீட்டுப் பொதி தபாலில் அலுவலகத்துக்கு வரும். குறித்த நாளில் அத்தாட்சிப்படுத்தும் அலுவலருக்கு முன்னால் அடையாள அட்டையைக் காட்டி, மறைவாகப் புள்ளடி போட்டு, மடித்து உறைக்குள் வைத்து, பிரகடனத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அவரும் வைப்பார். பிறகு அது மாவட்டத்தில் தேர்தலை நடத்துகிற தெரிவத்தாட்சி அலுவலருக்குப் பயணப்படும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் இப்படி 7 இலட்சத்து 12 ஆயிரம் பேருக்கு அனுமதி கிடைத்தது. நாட்டில் மொத்த வாக்காளர் ஒரு கோடி 71 இலட்சம். தேர்தல் முடிந்த இரவில் ரீவியில் முதலில் ஓடுகிற முடிவு எங்களுடையதுதான். அதில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

இந்த "மறைவாக" என்ற சொல்லைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

2019 ஜனாதிபதித் தேர்தல். 35 வேட்பாளர்கள். சீட்டு 26 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு பிள்ளையின் சாரம் அளவு. அப்போது நான் இருந்த அலுவலகத்தில் அட்டை மறைப்பு ஒன்றும் இல்லை. பழைய இரும்பு அலுமாரி ஒன்றைச் சுவரில் இருந்து இழுத்து, கொஞ்சம் சரித்து, அதற்குப் பின்னால் ஒரு சின்ன மேசை போட்டிருந்தார்கள். மேசை சீட்டுக்குக் காணாது. அதனால் நான் சீட்டை அலுமாரியின் முதுகில் நெடுக்காக வைத்துப் பிடித்துக்கொண்டு எழுதினேன். மேலே காற்றாடி. சீட்டின் வால் படபடவென்று அடிக்கிறது. எழுதி, ஏழெட்டாக மடித்து, உறைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்ததாக நின்ற சக உத்தியோகத்தர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சேர், முழங்கை நல்லா கீழ போனமாதிரி இருந்துது?"

பெயர்கள் மேலிருந்து கீழ் ஒரே நிரலில். என் முழங்கை அலுமாரிக்கு வெளியே தெரிந்திருக்கிறது. உயரத்தை வைத்து அந்த மனிசன் கணக்குப் போட்டுவிட்டார்! நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? அவர் கெட்டவரும் இல்லை, பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் அன்றிரவு படுக்கையில் கிடந்து யோசித்தேன், அடுத்த முறை முழங்கையை எங்கே வைத்துக்கொள்வது என்று. இரகசிய வாக்கு என்று சட்டத்தில் இருக்கிறது. இருபது வருடம் ஒன்றாகத் தேத்தண்ணி குடிக்கிறவர்கள், பதவி உயர்வுக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறவர், எல்லாரும் பத்தடிக்குள் நிற்கிற ஒரு அறையில் அது மெலிந்துதான் போகும்.

அடுத்தது காலக் கணக்கு. 2024 இல் தபால் வாக்களிப்பு செப்டெம்பர் 4, 5, 6. தவறவிட்டவர்களுக்கு 11, 12. தேர்தல் 21. எந்தச் சின்னம், சங்கா, ரெலிபோனா, திசைகாட்டியா என்று இங்கே ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் சண்டை உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது என் பழைய நண்பர்களின் வாக்கு உறைக்குள் ஒட்டப்பட்டு ஊர் போய்விட்டது. பிறகு மனம் மாறினாலும் மாறினதுதான். அரச ஊழியர் சம்பளம் பற்றிய வாக்குறுதி எல்லாம் தபால் வாக்குக்கு முன்னால் மழைக்காலத்துத் தவளை மாதிரிச் சத்தம் போடும், கவனித்திருக்கிறீர்களா? பிறகு அமைதி.

அதற்காகத் தபால் வாக்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் மற்றவர்கள் வாக்களிக்க வசதி செய்து கொடுக்கிற நாங்கள் அத்தனை பேரும் வாக்கில்லாமல் நிற்போம். 2023 உள்ளூராட்சித் தேர்தலுக்கும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். பெப்ரவரி 22, 23, 24 என்று நாள் குறித்தார்கள். காசில்லை என்றார்கள், சீட்டு அச்சாகவில்லை என்றார்கள், தேர்தலே நின்றுபோனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் சொன்னது. தேர்தல் நடந்தது 2025 மே 6 இல். இதில் தபால் பக்கம் பிழை இல்லை. 2025 ஓகஸ்ட்டில் தபால் ஊழியர்கள் ஒரு கிழமை பணிப்புறக்கணிப்புச் செய்தார்களே, அது ஒரு தேர்தலுக்கு முதல் கிழமை நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தேன். மாமா இதற்குப் பதில் சொல்லட்டும்.

இனிச் சாவடிப் பக்கம்.

வெருகல் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். நான் தலைமை தாங்கும் அலுவலர். முதல்நாள் பின்னேரமே பெட்டியோடு போய் இறங்கி, வாங்குகளைச் சேர்த்துப் படுக்கை போட்டு, நுளம்புத்திரி இரண்டு கொளுத்தியும் விடிய விடிய அடித்துக்கொண்டிருந்தோம். காலையில் ஒரு தம்பதி. மனிசன் வாசல் மட்டும் பெண்சாதிக்குப் பாடம் நடத்திக்கொண்டு வருகிறார். "மறந்துபோகாத, அந்தப் படம்தான், ரெண்டாவதில்ல, அதுக்குக் கீழ." அவ தலையாட்டுறா. உள்ளே மனிசன் முதலில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். பிறகு இவ. மறைப்புக்கு வைத்த அட்டைப் பெட்டிக்குப் பின்னால் போனவ வெளியே வர நேரமெடுத்தது. அரை நிமிசத்துக்கு மேல் இருக்கும். எங்கே போட்டா என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வந்து சீட்டை வாக்குப்பெட்டிக்குள் விட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. வெளியே மனிசன் "போட்டியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "ஓம்" என்றா.

அந்த அட்டைப் பெட்டி விலையைப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் புருசன், மாமியார், கட்சிக்காரப் பெறாமகன், கடன் கொடுத்தவன் எல்லாரையும் அரை நிமிசம் வெளியே நிறுத்திவைக்க அதைவிட்டால் எங்கள் ஊரில் வேறு பொருள் கிடையாது. சீட்டு வீட்டுக்கு வந்தால் அது குடும்பத்தலைவரின் மேசைக்குத்தான் போகும். நாலு சீட்டையும் அவரே நிரப்பிவிட்டு "கையெழுத்தை வையுங்கோ" என்பார். இது எங்கள் சனத்தின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸ் மோசடிக்குப் பயந்து 1975 இல் தபால் வாக்கையே நிறுத்தியது. இங்கிலாந்தில் கேட்டவர்க்கெல்லாம் தபால் வாக்கு என்று 2001 இல் திறந்துவிட்டார்கள். 2004 இல் பேர்மிங்ஹாம் மாநகரசபைத் தேர்தலில் இரண்டு வட்டாரத்தில் தபால் சீட்டுகளை அள்ளி விளையாடியது நீதிமன்றத்தில் வெளிச்சத்துக்கு வந்து, அடுத்த வருடம் அந்த இரண்டு முடிவும் ரத்தானது.

அதே பள்ளிக்கூடம், அதே நாள், பின்னேரம். நாலு மணிக்கு வாசலைச் சாத்தினோம். வரிசையில் ஒருவரும் இல்லை. பெட்டிக்கு முத்திரை வைக்கத் தொடங்க, 4.10 அளவில் ஒரு பொடியன் ஓடி வருகிறான். முதுகில் பயணப் பை, சேர்ட் முழுக்க வியர்வை. கொழும்பு புறக்கோட்டையில் கடையில் வேலை. முதல்நாள் இரவு லீவு தராமல், காலையில்தான் விட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தானாம். "சேர், ஒரு சீட்டுத்தானே சேர்." சட்டம் என்னை விடாது. பொலிஸ்காரர் அவன் தோளில் கை வைத்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். வாசல் மதிலில் பையை வைத்துவிட்டு நெடுநேரம் அங்கேயே இருந்தான். நாங்கள் பெட்டியை வாகனத்தில் ஏற்றும்போதும் இருந்தான்.

வாக்களிக்கிற இடம் 150 கிலோமீற்றருக்கு மேல் என்றால் தனியார் நிறுவனமும் இரண்டு நாள் சம்பள லீவு கொடுக்க வேண்டும் என்று தேர்தல் ஆணைக்குழு ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறது. அதைக் கடை முதலாளிக்கு வாசித்துக் காட்டுகிற தைரியம் எந்தப் பொடியனுக்கு வரும்? 2024 இல் செப்டெம்பரில் நாடு முழுக்க 79 வீதம் பேர் வாக்களித்தார்கள். எட்டுக் கிழமை கழித்து நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 69 வீதம். சலிப்பும் இருந்திருக்கும். ஆனால் ஒரே வருடத்தில் இரண்டு முறை பஸ்காசு கொடுத்து மாரி மழைக்குள் ஊர் வருவதென்றால் சும்மாவா?

சாவடிக்கு இன்னொரு இருட்டுப் பக்கமும் உண்டு. அட்டைப் பெட்டிக்குப் பின்னால் யாருக்குப் போட்டாய் என்பது மறையும். போட்டாயா இல்லையா என்பது சுண்டு விரலில் மையாக நிற்கும். புறக்கணிக்கச் சொல்லியிருந்த 2005 ஜனாதிபதித் தேர்தல் நினைவிருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யாழ் மாவட்டத்தில் வாக்களித்தது 1.2 வீதம். வெற்றி வித்தியாசம் நாடு முழுக்க ஒரு இலட்சத்து 80 ஆயிரம் சொச்சம். அந்த வருடம் மை பூசின விரலோடு வீட்டுக்கு நடந்து போகிறது எப்படி என்று யோசித்தவர்கள் இன்றைக்கும் இங்கே இருக்கிறார்கள். அதைவிட அதிகம் எழுத மாட்டேன்.

அம்மாவுக்கு 81 வயது, முழங்கால் சரியில்லை. "வீட்டிலயே போட விட்டா என்னம்மா?" என்று கேட்டேன். "அப்ப மை பூச ஆர் வீட்டுக்கு வாறது?" என்றா. அவவுக்கு வாக்களிப்பு என்றால் கஞ்சி போட்ட சேலை, ஓட்டோ, பள்ளிக்கூட மரநிழலில் கண்டு கனகாலமான நாலு சிநேகிதிகள், பிறகு கோயிலில் விரலைக் காட்டுகிற சந்தோசம். அக்கா, உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உறை அனுப்பியும் 2023 தேர்தலில் 47 வீதத்தை எட்டவில்லையே. வசதி மட்டும் ஆளைக் கூட்டிக்கொண்டு வராது போல.

சரி, நான் என்ன கேட்கிறேன்? சீட்டு வீட்டுக்கு வேண்டாம். அலுமாரியும் வேண்டாம். முற்கூட்டிய வாக்களிப்புக்கு, தேர்தல் திணைக்களத்தின் ஆட்களும் அட்டைப் பெட்டியும் முகவர்களும் உள்ள உண்மையான சாவடி வேண்டும். அரச ஊழியனும் அங்கே வரட்டும், புறக்கோட்டைப் பொடியனும் வரட்டும். கொழும்பிலும் கம்பஹாவிலும் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, ஒன்று வைத்தாலே பெரிய விசயம். ஜனாதிபதித் தேர்தலுக்கு நாடு முழுக்க ஒரே சீட்டு, சிக்கலே இல்லை. இடாப்பில் பெயரைச் சரிபார்த்து, ஊர்ச் சாவடியில் அந்தப் பெயரை வெட்டிவிட்டால் போதும். பாராளுமன்றத்துக்கு 22 தேர்தல் மாவட்டத்துக்கு 22 விதச் சீட்டு, அதுவும் சமாளிக்கலாம். உள்ளூராட்சி சபைக்கு இது சரிவராது, ஒத்துக்கொள்கிறேன். கிண்ணியாவிலும் மூதூரிலும் வீட்டுக்கொருவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார்கள். தூதரகத்தில் ஒரு பெட்டி வைக்க இவ்வளவு வருடம் யோசிக்கத் தேவையில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் வீட்டுக்குப் போகலாம். இந்தியாவில் 2024 இல் 85 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அலுவலர்கள் வீடு தேடிப் போனார்கள், கையில் மடிக்கிற மறைப்பும் கொண்டு போனார்கள்.

இவ்வளவையும் சுருக்கிக் குழுவிலும் எழுதிவிட்டு, அக்காவிடம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "அத்தானும் நீங்களும் ஒரே மேசையிலயோ நிரப்பினீங்கள்?"

இரண்டு நீலச் சரி விழுந்தது. பத்து நிமிசம் ஒன்றுமில்லை. பிறகு பதில் வந்தது.

"அவர்தான் ரெண்டையும் நிரப்பினவர். எனக்கு அந்த டொச்சு வாசிக்க எங்க நேரம்? கையெழுத்து மட்டும் நான் வைச்சனான்."