விலை கூடின கிடார், ஹாபிக்கு வாசிக்கிற ஆள்

போன வாரம் நண்பன் ஒருவன் மெசேஜ் அனுப்பியிருந்தான். "ஆறு வருஷமா வாசிக்கிறேன், கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு, நல்லதா ஒரு எலெக்ட்ரிக் கிடார் வாங்கிடலாமா, இல்ல என்னை மாதிரி ஆளுக்கு இதெல்லாம் தண்டமா?" கூடவே ஒரு படம். விலையைப் பார்த்தேன். இப்போது அவன் வைத்திருப்பது மாதிரி ஏழெட்டு வாங்கலாம். பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது, அதனால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், நானும் அப்படி ஒன்று வாங்கியவன்தான். மேடை ஏறியதில்லை, பேண்ட் கிடையாது, ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வாசிக்கிற ஆள். வாங்குவதற்கு முன்னால் எட்டு மாதம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். அந்த எட்டு மாதமும் வாசித்திருந்தால்... சரி, விடுங்கள்.

இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் எல்லோரும் டோனைப் பற்றி, அதாவது சத்தத்தின் குணத்தைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். வாங்கச் சொல்கிறவரும் டோன் என்கிறார், வேண்டாம் என்கிறவரும் டோனில் வித்தியாசமே இல்லை என்கிறார். நான் என் பழைய மலிவு கிடாரையும் புதிதையும் வைத்து ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். இரண்டிலும் கம்பியின் அதிர்வை வாங்குகிற பிக்கப் ஒரே வகை, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் ஒன்றேதான், திருகு எதையும் தொடவில்லை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ள, நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒரே நாலு பார் நீள இசைத்துணுக்கை இதில் கொஞ்சம் அதில் கொஞ்சமாக வாசித்தார். பத்து தடவையில் ஆறு தடவை சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டிருந்தாலே ஐந்து வந்திருக்கும்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எலெக்ட்ரிக் கிடாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றின ஒரு சுருள். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடும், சுருளில் துளி மின்சாரம் பிறக்கும், அதுதான் வயர் வழியாக ஆம்புக்குப் போகிறது. மரத்துக்குப் பங்கே இல்லையா என்று கேட்டால் அதற்குத் தனியாக ஒரு பஞ்சாயத்து இருக்கிறது, நான் உள்ளே போகவில்லை. ஆனால் மரம் செய்வதைவிட ஸ்பீக்கர் செய்கிற மாற்றம் ரொம்பப் பெரிது என்பதை எவரும் அரை மணி நேரத்தில் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கிடார் ஆம்பில் வழக்கமாக இருக்கும் 12 இன்ச் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் சத்தத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். டோன்தான் குறை என்றால் காசு போக வேண்டிய இடம் அந்தப் பக்கம்.

ஆனால் அதே நாள் இன்னொன்றும் செய்தோம். கண்ணை மூடிக்கொண்டேன், கிடாரை மடியில் வைத்தார்கள். ஆம்பே இல்லை. இடது கை நெக்கை, அதாவது கிடாரின் கழுத்தைப் பிடித்து ஒருமுறை மேலிருந்து கீழே போனது, அவ்வளவுதான், எது என்று உடனே சொல்லிவிட்டேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

விலை எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மலிவு கிடாரின் நெக் ஓரத்தில் ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நுனிகள் ரம்பம் மாதிரி உள்ளங்கையை உரசும். மரம் காய்ந்து சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை, அதனால் நுனி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. நல்ல கிடாரில் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு நுனியையும் கையால் உருட்டித் தேய்த்திருப்பார். ஃபிரெட்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும், அதனால் கம்பியைத் தாழ்வாக வைத்தாலும் பெண்ட் பண்ணும்போது (கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றும்போது) சத்தம் நடுவில் செத்துப்போகாது. வேலை நேரத்துக்கான காசு அது. அப்புறம் பாலிஷ், பார்த்துப் பொறுக்கின மரம், பெட்டி, தலையில் இருக்கும் பெயர்.

அடிப்படை வடிவமைப்பு என்று பார்த்தால், ஐந்து மடங்கு விலை கொடுத்தாலும் பல சமயம் அதே வடிவமைப்புதான். ஃபெண்டர் கிடார் கம்பெனியைத் தொடங்கின லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர், அவருக்கே கிடார் வாசிக்கத் தெரியாது. 1950-களின் தொடக்கத்தில் வந்த டெலிகாஸ்டர் ஒரு பலகை, அதில் நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கின ஒரு நெக். தொழிற்சாலையில் சீக்கிரம் செய்யலாம், கெட்டால் கழற்றி மாற்றலாம் என்றுதான் அப்படி. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அதே கணக்கு. அந்த வடிவங்களை ஃபெண்டரே ஸ்குவயர் என்ற பெயரிலும், கிப்சன் என்ற இன்னொரு கம்பெனி தன்னுடையதை எபிஃபோன் என்ற பெயரிலும் குறைந்த விலைக்கு விற்கிறது. இன்று பலகையை வெட்டுவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின். விலை குறைந்த பலகை என்பதற்காக அது கோணலாக வெட்டாது.

உடனே ஒருவர் வந்து குயின் பேண்டின் கிடாரிஸ்ட் பிரையன் மேயை இழுப்பார். பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் நெக், மோட்டார் சைக்கிள் வால்வ் ஸ்பிரிங்கில் சுருதியை ஆட்டும் ட்ரெமோலோ என்று வீட்டிலேயே செய்த கிடாரை வைத்துக்கொண்டுதான் அவர் உலகத்தையே சுற்றினார், உனக்கு என்ன கேடு என்பார். எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் மலிவு கிடாருக்கு அதை உதாரணமாகச் சொல்வது அபத்தம். 1963-இல் தொடங்கி, எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த அப்பாவும் மகனும் சேர்ந்து வருடக்கணக்கில் இழைத்த பொருள் அது. அந்த உழைப்புக்குக் கூலி போட்டால் நம்மால் தொடக்கூட முடியாது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிடார்காரர்கள் ஒருவரையொருவர் மட்டம் தட்ட இதைத்தான் எடுப்பார்கள். ஆனால் சில சமயம் கூடம் நிஜமாகவே கோணல்தான். கம்பி அரை இன்ச் உயரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும் கிடாரில் எஃப் கார்டு பிடிக்க முடியாமல், தன் விரல்தான் சரியில்லை என்று விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். 12-வது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 1.5 முதல் 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கொஞ்சம் திருப்பி, பாடிப் பக்கம் கம்பியைத் தாங்கும் சாடிலை இறக்கி, தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டின் பள்ளத்தை அறுத்து, ஃபிரெட் நுனியைத் தேய்த்தால் மலிவு கிடாரும் வேறு ஆளாகிவிடும். கை தேர்ந்த ஒரு டெக்னீஷியனுக்கு ஒரு நாள் வேலை.

விலை கொடுத்ததிலும் இந்தச் செலவு தப்பாது என்பதுதான் வயிற்றெரிச்சல். என்னுடையது எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. பெட்டியைத் திறந்த அன்றைக்கே மூன்றாவது கம்பி தகராறு. முறுக்கினால் ஏறாது, ஏறாது, திடீரென்று 'டிங்' என்று ஒரு சத்தம், சுருதி தாண்டிப் போய்விடும். ஒரு பெண்ட் அடித்தால் இறங்கிவிடும். நட்டில் பள்ளம் குறுகலாக இருந்து கம்பியைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. பென்சில் முனையைத் தேய்த்துப் பார்த்தேன், இரண்டு நாள் தாங்கியது. கடைசியில் டெக்னீஷியன் ஒரு சின்ன அரத்தை எடுத்து பத்து நிமிஷத்தில் முடித்தார். அந்தப் பத்து நிமிஷத்தை விற்பதற்கு முன்னால் அவர்கள் செலவழித்திருக்கலாம்.

இன்னொரு கூத்து. வந்த புதிதில் அதை வாசிக்கவே பயம். தலைப்பக்கம் பின்னால் சாய்ந்த டிசைன், கிப்சன் பாணியில் 17 டிகிரி. விழுந்தால் கழுத்தோடு முறியும் என்று ஊரறிந்த விஷயம். அதனால் வாசித்து முடித்ததும் துடைத்துப் பெட்டிக்குள், பெட்டி அலமாரிக்குள். பழைய கிடார் கட்டில் ஓரம் சாய்ந்தே கிடந்தது, கை நீட்டினால் கிடைத்தது. முதல் ஒரு வருஷம் நான் வாசித்ததில் முக்கால்வாசி அதில்தான். ஒரு நாள் புதியதன் பாடி நாற்காலியில் இடித்து ஓரத்தில் அரிசி அளவு பெயின்ட் பெயர்ந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அதைச் சுவரில் மாட்டிவிட்டேன், இப்போது தினமும் எடுக்கிறேன்.

ஆக நண்பனுக்கு என்ன சொன்னேன் என்றால், கேள்வியே தப்பு, உன் தகுதிக்கு இது அதிகமா என்று கேட்காதே. ஹாபி என்பதே கணக்குப் பார்க்காத விஷயம். வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லி வாங்கு, டோன் என்று கதை கட்டாதே, இது வந்தால் தினமும் பிராக்டிஸ் பண்ணுவேன் என்று சத்தியம் பண்ணாதே, அந்தச் சத்தியம் மூன்று வாரம் ஓடும், என்னுடையது இரண்டுதான் ஓடியது. கடன் வாங்கி வாங்காதே. முதலில் இருக்கிறதை டெக்னீஷியனிடம் செட்டப்புக்குக் கொடு, புதுக் கம்பி போடு, ஒரு மாதம் வாசி. அப்புறமும் ஆசை போகவில்லை என்றால் கடைக்குப் போ, ஆம்பில் செருகாமல் கண்ணை மூடி அரை மணி நேரம் வாசித்துப் பார். செகண்ட் ஹேண்டும் பார், பெயர் உள்ள கிடார் என்றால் திரும்ப விற்கும்போது பெரிதாக அடி விழாது.

எல்லாம் கேட்டுக்கொண்டான். நேற்று போட்டோ வந்தது, வாங்கிவிட்டான். செட்டப்பும் இல்லை, ஒரு மாதமும் இல்லை. "கண்ணை மூடி வாசிச்சியாடா" என்று கேட்டேன்.

"மூட மனசு வரல, கலரைப் பாரு" என்றான்.

உண்மையிலேயே கலர் நன்றாகத்தான் இருக்கிறது.