வில்லுப்பாட்டுக்காரர் பங்கு கேட்டால் பேராசையா?

கோயில் கொடைவிழாவில் பாடியதை ஒரு யூடியூப் சேனல் எடுத்துப் போட்ட காணொளியின் வருமானத்தில் பங்கு கேட்டதற்காக, வில்லுப்பாட்டுக் குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவியை ஆளாளுக்கு ஏசுவதைப் படித்துப் படித்து மனம் வெந்துபோய் எழுதுகிறேன். அந்த யூடியூப் சேனல்தான் அவரைப் பிரபலமாக்கியதாம், நன்றி வேண்டுமாம். விடிய விடியத் தொண்டை கிழியப் பாடியவர் தன் பாட்டுக்குப் பங்கு கேட்பது எப்படி நன்றிகெட்டதனமாகும்?

காணொளியை முழுவதும் பார்த்தேன். மைக்செட்டில் சினிமாப் பாட்டு ஓடும் இடங்களில் மட்டும் ஒலியை அடைத்திருக்கிறார்கள். இசை நிறுவனத்துக்கு உரிமை உண்டென்று தெரிந்தவர்களுக்கு அண்ணாவியின் உரிமை மட்டும் தெரியாமல் போயிற்றா? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞருக்கான உரிமை 1994 திருத்தத்தில் வந்து, 2012இல் மேலும் விரிவாகிவிட்டது. அவர் சம்மதமில்லாமல் நிகழ்ச்சியைப் பதிவு செய்து பரப்ப முடியாது. அந்த உரிமை 50 ஆண்டுகள் நிற்கும்.

அவர் பாடிய முத்துப்பட்டன் என்ற நாட்டார் கதை யாருக்குச் சொந்தம் என்று கேட்கிறார்கள். கதை எல்லோருக்கும் பொதுதான். ஆனால், பட்டன் இறந்த செய்தி கேட்டு அவன் மனைவியர் பொம்மக்காவும் திம்மக்காவும் அழும் இடத்தில், வில்லில் அடிக்கும் வீசுகோலை நிறுத்திவிட்டு, தாளத்துக்கு அடிக்கும் மண்குடத்தை மட்டும் மெல்லப் பேசவிட்டு, கூட்டத்தையே கண்கலங்க வைத்தாரே, அந்தப் பாட்டு அவருடையது. விழாக் கமிட்டி அனுமதித்தது என்கிறார்கள். கமிட்டி வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்தது சாமி முன்னால் பாடுவதற்கு. பதிவை விற்பதற்கு அன்று. வீட்டில் பார்ப்பதற்காகக் கைப்பேசியில் எடுப்பவரைச் சட்டமும் தடுக்கவில்லை, அண்ணாவியும் தடுக்கவில்லை.

என் அப்பா குடம் அடித்தவர். குடத்தின் வாயில் அடிக்கும் பத்தையைப் பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். ஒருமுறை ஒரு கேசட் கம்பெனி அவர்கள் குழுவைப் பாடவைத்துப் பதிவு செய்துவிட்டு, ஆளுக்கொரு வேட்டியும் மதியச் சாப்பாடும் கொடுத்து அனுப்பியது. பிறகு பாளையங்கோட்டைப் பக்கம் எந்தக் கோயிலில் அந்தக் கேசட் ஓடினாலும், அப்பா ஒன்றும் பேசாமல் வேகமாக நடந்துவிடுவார். நாங்கள் பெருமையாகக் கைதட்டுவோம். அவர் மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கலையைக் காசாக்காதே என்று அண்ணாவிக்குப் புத்தி சொல்கிறவர்களே, விளம்பரம் போட்டுக் காசு பார்ப்பது யார்? நாட்டார் கலைஞன் என்றால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிட வேண்டும் என்ற எண்ணம்தானே உங்களுக்கு? தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்பதும் கலைஞனுக்குச் சட்டம் தந்த உரிமைதான். காணொளியின் கீழே படம் பிடித்தவர் பெயரும் தொகுத்தவர் பெயரும் இருக்கின்றன. உடுக்கை அடித்தவரும் குடம் அடித்தவரும் தாளம் போட்டவரும் 'குழுவினர்' ஆகிவிட்டார்கள். அந்தப் பெயர்களை இன்றைக்கே சேருங்கள். அண்ணாவியோடு உட்கார்ந்து, பங்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மனமில்லையென்றால் காணொளியை நீக்கிவிடுங்கள்.