இது சோதினைக்கு வருமோ?

இண்டைக்கும் ஒரு அம்மா வாசல்லை நிண்டு கேட்டாச்சு: "ரீச்சர், இது சோதினைக்கு வருமோ?" தரம் 5 பிள்ளையளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், செத்த தும்பியை இழுத்துக்கொண்டு போற எறும்புகளைக் காட்டினது குற்றமாம். கதை சொன்னா வருமோ? பாட்டுப் படிச்சா வருமோ? வராது, அம்மா!

விடியவும் ரியூசன், பின்னேரமும் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். நாலாம் பாடத்திலை பிள்ளை மேசையிலை தலைவைச்சு நித்திரை. கன்னத்திலை பேனை மை. எந்த மனசோடை நான் எழுப்புறது? வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு உதவ வந்த சோதினை, இந்தத் தரம் 5 புலமைப்பரிசில்! இப்ப வெட்டுப்புள்ளிக்கு 2 புள்ளி குறைஞ்சா வீடே செத்தவீடு. 200க்கு எத்தினை எண்டதுதான் பிள்ளையோ?

"ரீச்சர், எறும்புக்கு வழி ஆர் சொன்னது?" எண்டு ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஆர் புள்ளி போடுறது?