வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால்

ஒருவரின் முதல் வேலை, நேரம் தவறாமையைக் கற்றுத்தரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான், ஆனால் என்னிடம் ஒட்டிக்கொண்டது வேறு. கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிதில், சமமாக வர வேண்டிய பற்றுக்கும் வரவுக்கும் இடையே 270 வித்தியாசம் இடித்தது. இரவு வரை தேடினேன், யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான். மறுநாள் மேலாளர் பார்த்த மாத்திரத்தில், "வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதே, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டிருப்பாய், பார்" என்றார். 1,630-ஐ 1,360 என்று எழுதியிருந்தேன்! அவர் திட்டியது அந்தத் தவறுக்காக இல்லை, முந்தைய நாளே சொல்லாததற்காக. அப்புறம் துறையே மாறிவிட்டேன். இப்போதும் சிக்கல் வந்தால் அரை மணி நேரம் நானே முட்டிப் பார்ப்பேன், அதற்கு மேல் கூச்சப்படாமல் கேட்டுவிடுவேன். அந்த 9 சமாச்சாரத்தை மட்டும் புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்லிக் கொஞ்சம் பந்தா காட்டிக்கொள்வதுண்டு.