கால் பிசகினால் முதலில் உட்காருங்கள்

போன வாரம் தாராசுரம் கோயிலில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி படியில் கால் பிசகி விழுந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கூட வந்தவர் பதறிப்போய்க் கை கொடுத்தார். அந்த அம்மா எழுந்து, உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரோம் நகரத்தில் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். நானும் அவள் அப்பாவும் மாயவரத்திலிருந்து போயிருந்தபோது ஐந்து நாள் ரோமுக்கு அழைத்துப் போனாள். அங்கே பழைய தெருக்களில் எரிமலைக் கல்லைச் சின்னச் சின்னக் கட்டிகளாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். சான்பியத்ரினி என்று அதற்குப் பெயர். மழையில் வழுக்கும். காய்ந்திருந்தாலும் ஒரு கல் ஏறி, ஒரு கல் இறங்கி நிற்கும். வரப்பில் நடந்து வளர்ந்த கால்தான் என்னுடையது. ஆனால் வரப்பு மண் காலுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும், கல் கொடுக்காது. முதல் நாள் சாயங்காலமே வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல பாப்பா, நீ நட."

டிக்கெட் எல்லாம் எடுத்தாகிவிட்டது, பிள்ளை லீவு போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், நம்மால் அது கெடக் கூடாது. அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. என் அம்மா நடவுக்குப் போன இடத்தில் கால் மடங்கி, அதோடேயே சேற்றில் நின்று நாற்றுமுடி தீரும்வரை நட்டுவிட்டுத்தான் கரையேறினாராம். இதை எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். கடைசிவரை அடைமழை நாளில் அந்தக் கால் அவரைத் தூங்கவிடவில்லை என்பதைச் சேர்த்துச் சொன்னதே இல்லை.

மறுநாள் கொலோசியம் முழுக்க நடந்தேன். ராத்திரி பார்த்தால் கணுக்கால் வீங்கி நாவற்பழ நிறத்தில் இருந்தது. ஊரிலிருந்து நாத்தனார் போனில், "நல்லெண்ணெயைச் சூடு பண்ணி நீவி விடுங்க அண்ணி, சரியாப் போயிடும்" என்றாள். என் வீட்டுக்காரர் உட்கார்ந்து நீவி விட்டார். வீக்கம் இன்னும் ஏறியது. புதுச் சுளுக்கை நீவவும் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடும் நீவுவதும் கசிவைக் கூட்டும். முதல் இரண்டு நாளைக்குத் துணியில் சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், தலையணை மேல் தூக்கி வைத்த கால், இவைதான். இன்னொன்று, கணுக்கால் எலும்பைத் தொட்டு அழுத்தினால் உயிர் போகிறதா, நாலடி எடுத்து வைக்க முடியவில்லையா, அப்படியானால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். இதை ஒட்டாவா விதி என்று சொல்லி உலகம் முழுக்க டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள்.

மூன்றாம் நாள் என்னால் நாலடி வைக்க முடியவில்லை. "ஏம்மா முதல் நாளே சொல்லல?" என்று மகள் அழுதாள். விசாவுக்காக எடுத்த இன்சூரன்ஸ் பேப்பரை அப்புறம்தான் தேடினோம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் நம்மைப் போலப் போகிறவர்களிடம் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு இருக்கும், அது இல்லாமல் விசாவே கிடையாது. அந்தக் காப்பீட்டுக்கான பிரீமியத்தை நாம் ஏற்கெனவே கட்டிவிட்டோம். ஆனாலும் நம் பெற்றோர்கள் பலர் பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று வலியை விழுங்குகிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அந்தப் பேப்பரில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்யுங்கள். எங்கே போவது, எந்த ரசீதை வைத்துக்கொள்வது என்று அவர்களே சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நேரே ஐரோப்பாவின் அவசர உதவி எண் 112.

ஆஸ்பத்திரியில் ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். எலும்பு முறியவில்லை, ஜவ்வு பாதி கிழிந்திருந்தது.

நான்காம் நாள் என்னை ஓட்டல் அறையில் விட்டுவிட்டுப் போக மகளுக்கு மனமில்லை. பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் வாசலுக்குப் பக்கம்வரை டாக்சியில் கூட்டிப்போய், உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தாள். ஏறக்குறைய 1,900 வருஷத்துக் கட்டடம். 43 மீட்டர் அகலமுள்ள குவிமாடம், அதன் உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத்துக்கு வெறும் ஓட்டை. கண்ணாடி கிடையாது. மழை பெய்தால் உள்ளேயே பெய்யும், தண்ணீர் வடியத் தரையில் துளைகள் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வெயில். அந்த ஓட்டை வழியே ஒரு வெளிச்ச வட்டம் சுவரில் விழுந்து, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்கள். நான் இரண்டு மணி நேரம் இருந்தேன். அவர் அடிக்கடி வெளியே போய்த் தெருக்குழாயில் துண்டை நனைத்துக்கொண்டு வந்து என் காலில் சுற்றினார். ரோம் முழுக்க அந்த மாதிரி இரும்புக் குழாய்கள் உண்டு, சில்லென்ற குடிதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கொலோசியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வலிதான் நினைவுக்கு வருகிறது. பாந்தியனை ஒரு கல் விடாமல் சொல்வேன்.

திரும்பும்போது விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்கு 48 மணி நேரம் முன்னாலேயே மகள் சொல்லி வைத்துவிட்டாள். ஐரோப்பாவில் அதற்குக் கட்டணம் இல்லை.

சரி, தாராசுரத்துக்கு வருகிறேன். அந்த அம்மா நொண்டிக்கொண்டே நடக்கத் தொடங்கிவிட்டார். நான் குறுக்கே போய் நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாலடி வைத்துக் காட்டச் சொன்னேன். வைத்தார், ஆனால் மூன்றாவது அடியில் முகம் சுருங்கியது. தேர் மாதிரி கல் சக்கரங்களோடு கட்டிய ராஜகம்பீர மண்டபத்தின் நிழலில் உட்கார வைத்தேன். வெளியே ஜூஸ் கடைத் தம்பி ஒரு பை நிறைய ஐஸ் கொடுத்தார், காசு வாங்கவில்லை. என் துண்டில் சுற்றிக் காலில் வைத்தேன். நீங்கள் போய்ப் பாருங்கள் என்று அவர் கணவரைச் சிற்பங்களின் பக்கம் அனுப்பினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் பக்கத்தில் இருந்த கல் சக்கரத்தை விரலால் தடவி, ஆரம் ஆரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.